தானாக

என் கையெழுத்து எல்லோருக்கும் விளங்கும் கையெழுத்து. அதனால்தான், சார்ஜன்ட் மஹ்ரூப், நீங்கள் எழுதத் தொடங்கியதும் பேனையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கோபிக்க வேண்டாம். உங்களுடைய எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும் என்று இரண்டு நீதவான்மார் என்னிடமே சொல்லிச் சலித்திருக்கிறார்கள். பொலிஸ் நிலையத்தில் கொடுக்கும் ஒப்புதல் வழக்கில் எடுபடாது என்பது நம் இருவருக்கும் தெரிந்ததுதான். பரவாயில்லை. நீதவானிடமும் இதையே சொல்வேன். அதற்கு முன்னால் ஒருமுறை ஒழுங்காக எழுதிப் பார்த்துக்கொள்வது நல்லது. இருபத்தொரு வருடமாக மற்றவர்களுடைய வாக்குமூலங்களை எழுதியவனுக்குத் தன்னுடையதை இன்னொருவர் கையில் கொடுக்க மனம் வரவில்லை.

விடயம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஏழு மாதத்துக்கு முன்னால், மழைக் காலத்தில், ஜக்சன் என்ற படகு எஞ்சின் திருத்துகிறவன் சல்லிக் கடற்கரையில் இழுத்து வைத்திருந்த ஒரு படகின் பக்கத்தில் இறந்து கிடந்தான். வயது இருபத்தெட்டு. விசாரணையை நடத்தியவன் நான். பிரேதத்தைக் காவல் காத்தவர் நீங்கள். ‘போதைப்பொருளைத் தானாக உட்கொண்டதால் நேர்ந்த மரணம்’ என்று முடிவு எழுதினேன். அந்த வசனத்துக்குச் சில விளக்கங்கள் சேர்க்க வேண்டியிருக்கிறது.

வேறு யாராவது வாசிக்கலாம் என்பதற்காக என்னைப் பற்றியும் எழுதுகிறேன். என் பெயர் நிக்கலஸ். வயது அறுபத்து மூன்று. இந்தப் பகுதியின் திடீர் மரண விசாரணை அதிகாரி. துறைமுகத்தில் கயிறு அறுந்து அடிபட்டவன், கடலோடு போனவன், யானை மிதித்தவன், நஞ்சு குடித்தவள் என்று எல்லோரையும் கடைசியாக வந்து பார்க்கிறவன் நான். பார்த்துவிட்டு ஒரு வசனம் எழுதவேண்டும், எதனால் இறந்தார் என்று. நல்லவரா, எவ்வளவு பாடுபட்டார், யார் அவருக்காக அழுகிறார்கள் என்பதெல்லாம் அந்தப் படிவத்துக்குத் தேவையில்லை. அதற்குத் தேவை காரணம்.

இந்த வேலையைப் பத்து வருடம் செய்தால் மனிதரைப் பார்க்கும் விதமே மாறிவிடும். மூதூர் வீதியில் ஒருவன் மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோய்ப் பாலத்தில் மோதினான். ஏன் மோதினான்? குடித்திருந்தான். ஏன் குடித்தான்? மனைவி விட்டுப் போய்விட்டாள். ஏன் போனாள்? அவன் அடிப்பான். ஏன் அடிப்பான்? அவனுடைய தகப்பன் அவனை அடித்து வளர்த்தவன். தகப்பன் யாரிடம் வாங்கினானோ. இப்படிப் பின்னாலே போய்க்கொண்டே இருக்கலாம். ஒரு மனிதன் நின்று, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தானே முடிவெடுக்கிற இடம் மட்டும் எங்கேயும் வராது. நான் உண்மையாகவே தேடிப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பங்குப் பாதருக்கு இந்தக் கதை பிடிக்காது. “கடவுள் மனிசனுக்குச் சுதந்திரம் குடுத்தவர், நிக்கலஸ்” என்பார். “குடுத்திருப்பார் பாதர். நான் இன்னும் ஒரு பிரேதத்திலயும் அதைக் காணேல்லை” என்பேன். சிரித்துவிட்டுப் போவார். அவருக்கு ஞாயிறு பிரசங்கம், எனக்குப் பிரேத அறை.

இந்த வேலையில் ஒரே ஒரு சொல்லிடம் மட்டும் நான் எச்சரிக்கையாக இருந்தேன். ஏலாது என்ற சொல். எங்கள் பக்கத்தில் வலு இல்லை என்றாலும் ஏலாது, மனம் இல்லை என்றாலும் ஏலாது, உடம்புக்குச் சுகம் இல்லை என்றாலும் ஏலாதுதான். கிளிவெட்டியில் ஒரு அறுவடைக் காலை, அண்ணன்காரன் தம்பியை வயலுக்குக் கூப்பிட்டிருக்கிறான். உள்ளே படுத்திருந்தவன் “எனக்கு ஏலாது” என்றிருக்கிறான். சோம்பேறித்தனம் என்று அண்ணன் ஏசிவிட்டுப் போய்விட்டான். மத்தியானம் வந்து பார்க்கும்போது தம்பி விறைத்துப் போயிருந்தான். பாம்பு கடித்திருந்தது. அந்த அண்ணன் என் முன்னால் இருந்து தலையில் அடித்துக்கொண்டதைப் பார்த்த நாளிலிருந்து, எந்தச் சாட்சி அந்தச் சொல்லைச் சொன்னாலும் பேனையை நிறுத்திவிட்டு “எந்த ஏலாது?” என்று கேட்பேன். உங்கள் ஆட்கள் எனக்கு வைத்த பட்டப்பெயரும் அதுதான் என்று எனக்குத் தெரியும்.

என் மகன் டிலக்ஷன் மூன்று வருடத்துக்கு முன் இறந்தான். அவனுக்கு இருபத்தைந்து வயது. ஹெரோயின் தூள் பாவித்தான். நாங்கள் செய்யாதது ஒன்றும் இல்லை. பூட்டி வைத்தோம், கெஞ்சினோம், மடுமாதாவுக்கு நேர்ந்தோம். கடைசியில் தூரத்தில் ஒரு மறுவாழ்வு நிலையத்தில் இடம் எடுத்தேன். காலையில் வீட்டுக்கு வருகிறேன், கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொன்னவன் வரவில்லை. நான் வான் வண்டியை வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு, சப்பாத்தும் போட்டுக்கொண்டு, பின்னேரம் வரைக்கும் இருந்தேன். மூன்று மணிக்கு வேறு யாருடையதோ இலக்கத்திலிருந்து அழைத்தான்.

“அப்பா, எனக்கு ஏலாது” என்றான்.

“ஏலாதெண்டா விடு” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அழைப்பு மொத்தம் பதினொரு விநாடி. வர மனமில்லை என்று சொல்கிறான் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அடுத்த நாள் காலையில் கடற்கரைக் கொட்டில் ஒன்றில் அவனைக் கண்டெடுத்தார்கள். நுரையீரல் இரண்டும் நீர் கோர்த்திருந்ததாக டொக்டர் எழுதியிருந்தார், முதல்நாள் மத்தியானத்திலிருந்தே மூச்சு முட்டியிருக்கும் என்று. அவன் சொன்னது சுகமில்லாத ஏலாது. ஊரில் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை அவன் ஒருவனிடம் மட்டும் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இருபது நிமிடத்தில் வைத்தியசாலை.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, என் மனைவி திரேசம்மாவிடமும். அவளிடம் சொன்னதெல்லாம் வேறு. நடந்தது நடந்துதான் தீர்ந்திருக்கும், அவன் பிறந்த நேரத்திலிருந்தே ஒவ்வொன்றாகக் கோர்த்துக்கொண்டு வந்தது, அவனாலும் நிறுத்த முடியாது, எங்களாலும் முடியாது, ஆகவே யாரிலும் பிழையில்லை என்றேன். அவள் அரை மனதாக நம்பினாள். நான் முழு மனதாக நம்பினேன். நம்பாவிட்டால் அந்தப் பதினொரு விநாடியோடு இருந்து சாப்பிட வேண்டும், நித்திரை கொள்ள வேண்டும். என்னால் அது முடியாது.

ஜக்சன் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். டிலக்ஷனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், அவனோடு சேர்ந்து அதே கொட்டிலில் அதே தூளைப் பாவித்தவன். குடிகாரத் தகப்பன் வேறு. காரணங்களைக் கூட்டிப் பார்த்தால் என் மகனை விட அவன்தான் முதலில் செத்திருக்க வேண்டும். ஆனால் அவன் விட்டுவிட்டான். ஒரு நிலையத்துக்கும் போகவில்லை, ஒரு மருந்தும் எடுக்கவில்லை. எஞ்சின் திருத்தப் பழகி, ஜெசிகா என்ற பிள்ளையைக் கட்டி, ஞாயிறு பூசைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான்.

பூசை முடிந்து எங்கள் வீட்டுக்கு வருவான். கூரை ஓடு மாற்றினான். டவுனுக்குள் திரிகிற மான்கள் திரேசம்மாவின் வெண்டிக் கன்றுகளைத் தின்றுவிடுகின்றன என்று வேலிக்குப் பழைய வலை அடித்துக் கொடுத்தான். திரேசம்மா அவனுக்குக் கணவாய்க் கறி வைத்துக் கொடுத்து, அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். எனக்கும் ஆரம்பத்தில் அவன் மேல் வெறுப்பு இல்லை. எப்படி விட்டாய் என்று ஒருநாள் கேட்டேன். விசாரணைப் பழக்கம்.

“விட்டுட்டன் அங்கிள். அவ்வளவுதான்” என்றான்.

“ஏதாவது காரணம் இருக்கவேணும்.”

“காரணம் இருக்கு அங்கிள், டிலக்ஷன் செத்ததுதான். ஆனா காரணம் வந்து வேண்டாம் எண்டு சொல்லாது. ஒவ்வொரு நாளும் காலமை நான்தான் சொல்லவேணும்.”

எஞ்சினைப் பார், பெற்றோல் இல்லாவிட்டால் நிற்கும், ஊற்றினால் ஓடும், மனிதனும் அப்படித்தான் என்றேன். கையில் ஒட்டியிருந்த கிறீஸைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். “எஞ்சின் வேண்டாம் எண்டு சொல்லி நான் ஒருநாளும் கேக்கேல்லை அங்கிள்” என்றான். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். எனக்கு எரிச்சலாக இருந்தது.

எரிச்சல் எரிச்சலாகவே போயிருக்கும். திரேசம்மா ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: “இந்தப் பிள்ளை விட்டிட்டானே. அப்ப எங்கட பிள்ளையும் விட்டிருக்கலாம்தானே. நாங்கள்தான் எங்கயோ பிழை விட்டிட்டம். என்ன பிழை எண்டுதான் எனக்குத் தெரியேல்லை.” அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். ஜக்சனால் முடியும் என்றால் டிலக்ஷனாலும் முடிந்திருக்கும். டிலக்ஷனால் முடிந்திருக்கும் என்றால் என்னாலும் அன்றைக்கு ஒரு கேள்வி கேட்க முடிந்திருக்கும். ஒரு எஞ்சின்காரன் உயிரோடு நடந்து திரிவதே எனக்கு எதிரான சாட்சியமாகிவிட்டது.

அன்றைக்கு நான் தீர்மானித்தேன் என்று எழுதுவது சரியல்ல. அன்றைக்கு அந்த எண்ணம் வந்தது.

டிலக்ஷனின் அறையில் அலுமாரிக்குப் பின்னால் ஒரு பொட்டலம் இருந்தது. அவன் ஒளித்து வைத்தது. முன்னமே எடுத்து உங்களிடம் தந்திருக்க வேண்டும், தரவில்லை. அதை ஒரு பரிசோதனைக்குப் பயன்படுத்தலாம் என்று நினைத்தேன். நான் யாரையும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. அவனுக்கு முன்னால் வைப்பேன், அவ்வளவுதான். அவன் சொல்வது போல வேண்டாம் என்று சொல்லும் சக்தி அவனிடம் இருந்தால் சொல்லட்டும். இல்லாவிட்டால் நான் சொன்னது சரி. இதில் அநியாயம் எதுவும் இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை.

முதலாம் முறை, அவன் அந்த அறையில் மின்விசிறி பூட்ட வந்த நாள், மேசை மேலே வைத்துவிட்டு வெளியே வந்து பேப்பர் படித்தேன். கால் மணித்தியாலத்தில் பொத்திய கையோடு வந்தான். முகம் வெளிறிப் போயிருந்தது. “டிலக்ஷன்ட சாமான் ஒண்டு கிடந்தது அங்கிள். அன்ரி காணாமல் எங்கயாவது கொட்டி விடுங்கோ” என்று என் கையில் வைத்தான். திரேசம்மாவுக்கு மனம் நோகக் கூடாது என்பதுதான் அவனுடைய கவலை. அன்றைக்கு அவன் சாப்பிடாமல் போனான்.

இரண்டாம் முறை நேராகவே கையில் கொடுத்தேன். உனக்குக் கஷ்டமாக இருந்தால் வைத்துக்கொள், நான் யாருக்கும் சொல்லமாட்டேன் என்றேன். “என்னைச் சோதிக்கிறீங்களோ அங்கிள்? சரி, சோதியுங்கோ. வேண்டாம்” என்றான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

மூன்றாம் முறை சல்லிக்கே போனேன். அவனுக்கும் ஜெசிகாவுக்கும் பிறந்த முதல் பிள்ளை மூன்றாம் நாள் வைத்தியசாலையில் இறந்து போயிருந்தது. அடக்கம் முடிந்து நான்கு நாள். முத்துமாரியம்மன் கோயிலுக்கு அப்பால், கருவாடு காயப் போட்டிருந்த இடத்தில், கழற்றிய எஞ்சின் ஒன்றுக்கு முன்னால் சும்மா குந்தியிருந்தான். நான் பொட்டலத்தை எடுத்து மணலில், அவன் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தேன். இந்த முறை அவன் அதை நெடுநேரம் பார்த்தான். கண்ணால் நீர் வடிந்தது. இப்போது எடுக்கப் போகிறான் என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அது சந்தோஷம்.

“ஏலாது எண்டு நான் சொல்லேல்லை அங்கிள்” என்றான். “ஏலும். இப்ப எடுத்தால் எல்லாம் மறந்து போகும். வேண்டாம் எண்டுதான் சொல்றன்.”

எழும்பிப் போய்க் கடலில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து எஞ்சினைப் பூட்டத் தொடங்கினான். நான் பொட்டலத்தைப் பொறுக்கிக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

நான்காம் முறை, எங்கள் வீட்டில், நான் ஒன்றும் எடுக்கவில்லை. பையில் கை வைத்தவுடனேயே அவன் சொல்லிவிட்டான். “அங்கிள், நான் விட்டதால டிலக்ஷன் கூடாதவன் ஆகேல்லை. அவனும் அண்டைக்கு விடத்தான் இருந்தவன். உடுப்பெல்லாம் பையில அடுக்கி வைச்சிருந்தவன். பிறகு ஒரே இருமல், மூச்சு எடுக்கக் கஷ்டம். என்ட போனிலதான் உங்களுக்கு எடுத்தவன். எடுத்திட்டு, அப்பாட்டச் சொல்லிட்டன், அப்பா வருவார் எண்டு சொல்லிப்போட்டுப் படுத்தவன். நான் போதையில கிடந்திட்டன் அங்கிள். எழும்பிப் பாக்கக்க அவன் இல்லை. என்னை மன்னிச்சுக் கொள்ளுங்கோ. அண்டைக்குத்தான் விட்டனான்.”

என்னிடம் மன்னிப்புக் கேட்டான், சார்ஜன்ட். அப்பா வருவார் என்று என் மகன் சொன்னதை இவ்வளவு காலமும் தன்னோடு வைத்திருந்து, அவன் அழைத்ததற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று ஒருமுறை கூடக் கேட்காமல், தன் பிழைக்கு மன்னிப்புக் கேட்டான். நான் அவன் தலையில் கை வைத்து, பரவாயில்லை என்றேன். குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அழுது முடித்தபோது அவன் மேலிருந்த எரிச்சல் எல்லாம் போய், அந்த இடத்தில் வெறுப்பு சுத்தமாக உட்கார்ந்திருந்தது.

அதற்குச் சில மாதம் கழித்து ஒரு ஞாயிறு, நல்ல மழை. அவன் நனைந்துகொண்டு வந்தான். ஜெசிகாவுக்கு மறுபடியும் மூன்று மாதம் என்று திரேசம்மாவின் காதுக்குள் சொன்னான். அவள் அவனை உச்சி முகர்ந்தாள். பிறகு “இண்டைக்கு எனக்கு ஏலாது அன்ரி, சாப்பாடு வேண்டாம்” என்று கதிரையில் சாய்ந்தான். எந்த ஏலாது என்று எனக்குக் கேட்டவுடனேயே விளங்கியது. காய்ச்சல். திரேசம்மா கொத்தமல்லி அவித்தாள். அவன் ஒரு கோப்பை குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, எஞ்சின் ஒன்றை மூடிவைக்க வேண்டும் என்று சல்லிக்குப் போனான். பின்னேரம் படகுக்குப் பக்கத்தில் கிடந்தான். சட்டைப் பைக்குள் வெறும் பொட்டலம் இருந்தது. அதை எடுத்து உறையில் போட்டு இலக்கமிட்டவர் நீங்கள்.

விசாரணை நாற்பது நிமிடம். கேள்வி கேட்கிறவனிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் தொடாத உடம்பு, பழைய அளவைத் தாங்காது என்று டொக்டர் சொன்னார். இவன் திரும்பவும் தூளுக்குப் போவான் என்று தனக்கு முன்னமே தெரியும் என்றார் படகுச் சொந்தக்காரர். அவருக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் எழுதிக்கொண்டேன். கடைசியாக ஜெசிகா.

“அவர் தொடேல்லை ஐயா.”

“நீங்கள் எந்த நேரமும் அவரோடு இருந்தீர்களா?”

“இல்லை.”

“அப்படியென்றால் எப்படித் தெரியும்?”

“அவர் வேண்டாம் எண்டு சொன்னவர்.”

சாட்சிக்கு நேரடி அறிவு இல்லை என்று எழுதினேன். அதன் கீழே முடிவை எழுதினேன். நீங்கள் கூடப் பெருமூச்சு விட்டு, “இவனுகள் திருந்த மாட்டானுகள் சேர்” என்றீர்கள். ஊரே அப்படித்தான் சொன்னது. ஜெசிகாவின் சொந்தத் தாயே சொன்னாள். பூசையில் அவன் வழக்கமாக இருக்கும் வாங்கிலேயே உட்கார்ந்துகொண்டு அவனைப் பற்றிக் குசுகுசுத்தார்கள். பாதர் அந்த வாரம் பலவீனம் பற்றிப் பிரசங்கம் வைத்தார். முதல்தடவையாக அவர் என் பக்கம் வந்திருந்தார்.

திரேசம்மா மூன்று நாள் படுக்கையை விட்டு எழும்பவில்லை. நான்காம் நாள் எழும்பி வந்து, “அவனாலயே ஏலாமல் போச்சுதெண்டா, எங்கட பிள்ளையால எப்பிடி ஏலும்” என்றாள். டிலக்ஷன் போன பிறகு முதல்தடவையாக அன்றிரவு அவள் நன்றாக நித்திரை கொண்டாள். நான் விரும்பியது அதுதான். என் ஆதாரம் எல்லோரிடமும் எடுபட்டது. என்னிடம் மட்டும் எடுபடவில்லை.

ஜெசிகா மாதம் ஒருமுறை வருவாள். கூச்சல் போடமாட்டாள், அழமாட்டாள். முடிவின் பிரதியை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, தானாக என்ற சொல்லில் விரலை வைப்பாள். “இந்த ஒரு சொல்லை வெட்டி விடுங்கோ ஐயா. மிச்சம் இருக்கட்டும்” என்பாள். முத்திரை வைத்த முடிவை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை என்று விளக்குவேன். அது உண்மைதான். சொல்லைப் பற்றியும் ஒருமுறை விளக்கிப் பார்த்தேன். தானாக என்றால் விரும்பி என்று மட்டும் அர்த்தம் இல்லை, மாங்காய் தானாக விழுகிறது, கதவு தானாகச் சாத்துகிறது என்று சொல்கிறோம் இல்லையா, அப்படியும் எடுக்கலாம், அவனை யாரும் குற்றம் சொல்லவில்லை என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். “அவர் மாங்காய் இல்லை ஐயா” என்றாள்.

போன கிழமை குழந்தையோடு வந்தாள். பெண் பிள்ளை, முப்பத்தொரு நாள். திரேசம்மா தூக்கி வைத்துக்கொண்டாள். “இவள் பெரிசாகி இதை வாசிப்பாள் ஐயா” என்று மட்டும் ஜெசிகா சொன்னாள். அவர்கள் போன பிறகு திரேசம்மா குழந்தையின் மணம் ஒட்டியிருந்த சேலைத் தலைப்பை முகர்ந்துகொண்டு, “தகப்பன்ட குணம் இதுக்கும் வராமல் இருக்கவேணும்” என்று சிலுவை போட்டாள். ஜக்சனின் குணம். அதைக் கேட்டு என்னால் அந்தக் கதிரையில் இருக்க முடியவில்லை. எழும்பி, சட்டை போட்டுக்கொண்டு, நடக்கத் தொடங்கியவனுக்கு இங்கே வந்து சேர ஒரு கிழமை எடுத்திருக்கிறது.

நான் வந்தவுடன் நீங்கள் கேட்டீர்கள்: “ஏன் சேர் வந்தீங்க? உங்கள ஆரும் சந்தேகப்படயில்லையே.” அதுதான் வந்தேன். இனி எழுத வேண்டியது கொஞ்சம்தான்.

ஐந்தாம் முறை, அந்த மழை ஞாயிறு, நான் அவனிடம் வேண்டுமா என்று கேட்கவில்லை. திரேசம்மா அவித்து இறக்கிவிட்டு, அவன் தலை துடைக்கத் துவாய் எடுக்க உள்ளே போனாள். கோப்பையில் ஊற்றியது நான். பொட்டலம் முழுவதையும் அதில் கொட்டிக் கலக்கியதும் நான். சீனியும் கூடப் போட்டேன். அவன் இரண்டு கையாலும் வாங்கினான். “கைக்குது அங்கிள்” என்றான். “மருந்தெண்டா கைக்கும்தானே, குடி” என்றேன். நான் சொன்னதால் மிச்சம் வைக்காமல் குடித்தான். போகும்போது தோளில் கை போட்டு வாசல் வரைக்கும் கூட்டிச்சென்று, வெறும் பொட்டலத்தை அவனுடைய சட்டைப் பைக்குள் போட்டேன். கண் சொருகிக்கொண்டு வருவதைப் பார்த்தும், மழை விட்டிருக்கிறது, கவனமாகப் போ தம்பி என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அவன் செத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் பேப்பர் படித்தேன்.

ஆகவே முடிவில் உள்ள அந்தச் சொல் பிழை. ஜக்சன் தானாக உட்கொள்ளவில்லை. மூன்று முறை கண்ணுக்கு முன்னால் இருந்தும் உட்கொள்ளவில்லை. அவனைக் கொன்றது நான். இதை ஜெசிகாவிடம் கொடுங்கள். திரேசம்மாவிடமும் சொல்லத்தான் வேண்டும்.

இதை வைத்து டிலக்ஷனாலும் முடிந்திருக்கும் என்று யாரும் முடிவு கட்டக்கூடாது. ஒருவனை வைத்து எல்லோரையும் அளக்க முடியாது. என்னையும் அளக்க முடியாது. பதினொரு விநாடி, அதற்கு முன்னால் காத்திருந்த ஒரு முழு நாள், அந்த நாளுக்கு முன்னால் டிலக்ஷன் தூள் பாவித்த ஐந்து வருடம், திரேசம்மா சொன்ன பேச்சு, ஜக்சன் கேட்ட மன்னிப்பு என்று எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், என்னுடைய இடத்தில் யார் நின்றிருந்தாலும் கை அந்தக் கோப்பைக்குத்தான் போயிருக்கும். என் இடத்தில் ஜக்சன் நின்றிருந்தால் என்ன செய்திருப்பான் என்று இடைக்கிடை நினைவு வரும். அதை நான் யோசிப்பதில்லை.

நீங்கள் இப்போது மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “கடைசியில, ஆரும் வற்புறுத்தாம நானா விரும்பி எழுதினது எண்டு ஒரு வரி போட்டு ஒப்பம் வைங்க சேர்” என்கிறீர்கள். ஒப்பம் வைக்கிறேன். திகதியும் போடுகிறேன். மேலே எழுதியது அத்தனையும் நான் செய்தது. ஆனால் நீங்கள் சொல்லும் அந்த வரியை நான் எழுத மாட்டேன்.